பிடிப்பில் இருக்கிறது கடைசல்

பம்பரம் விடாத சிறுவர் நம் ஊரில் இல்லை. கடையில் இரண்டு பம்பரம் வாங்குகிறீர்கள். இரண்டும் ஒரே மரம், ஒரே உருவம், ஒரே வர்ணம். விட்டுப் பார்த்தால் ஒன்று நின்ற இடத்திலேயே நின்று சுற்றுகிறது. மற்றொன்று தள்ளாடி, குதித்து, படுத்துவிடுகிறது. காரணம் என்ன? முதல் பம்பரத்தில் ஆணி நடு அச்சில் இருக்கிறது. இரண்டாவதில் ஒரு மயிரிழை விலகியிருக்கிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

பம்பரத்தைக் கடைந்து தரும் எந்திரத்திற்கும் இதே கவலை உண்டு. மரத்தைச் சுழற்றி, உளியை அதன்மேல் வைத்து உருட்டி எடுக்கும் வேலையைக் கடைசல் என்கிறோம். அந்த எந்திரத்தைக் கடைசல் எந்திரம் அல்லது லேத் என்கிறோம். லேத்தைப் பற்றிப் பேசுவோர் அதன் மோட்டாரையும் உளியையும் பற்றியே பேசுவார்கள். ஆனால் மரத்தைச் சுழலும் தண்டோடு எப்படிப் பிடித்து வைப்பது என்பதே இந்தத் தொழிலின் முதற் கேள்வி. அந்தக் கேள்விக்கு மனிதன் அளித்த விடைகளைச் செங்கற்பட்டிலிருந்தும் மாமல்லபுரக் கடற்கரையிலிருந்தும் தொடங்கிக் காண்போம்.

சுழலாமல் உருண்டையான தூண்கள்

செங்கற்பட்டிலிருந்து சிறிது தொலைவில் வல்லம் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள குன்றில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில், ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன், குடைந்த குகைக்கோயில் ஒன்று உண்டு. அதன் தூண்களைக் கவனியுங்கள். அடியிலும் உச்சியிலும் சதுரம்; நடுப்பகுதி எட்டுப் பட்டை. அங்கிருந்து கடற்கரைக்குச் சென்று மாமல்லபுரத்து மண்டபங்களைப் பாருங்கள். சிங்கங்கள் தாங்கும் தூண்களின் தண்டு பல பட்டைகளாக ஒடுங்குகிறது; அதன் தலையில் குடம் போன்ற பகுதி நன்றாக உருண்டு நிற்கிறது.

இவை எந்திரத்தில் சுழன்று உருண்டவை அல்ல. பாறையோடு பாறையாக இருக்கும் தூணை எப்படிச் சுழற்றுவது? சதுரத்தின் நான்கு மூலைகளைத் தட்டி எட்டாக்கி, எட்டின் விளிம்புகளைத் தட்டிப் பதினாறாக்கி, பிறகு முப்பத்திரண்டாக்கி, கடைசியில் தேய்த்து வட்டத்தை நெருங்குவது ஒரு வழி. சதுரத்தின் பக்கத்தை 24 பங்காக்கி, ஒவ்வொரு மூலையிலிருந்தும் 7 பங்கு தள்ளிக் குறியிட்டால் நடுவில் 10 பங்கு நிற்கும். 7, 10, 7 என்ற இந்தக் கணக்கில் மூலைகளை வெட்டினால் ஏறக்குறைய ஒழுங்கான எண்கோணம் கிடைக்கும். நீங்களே ஒரு தாளில் வரைந்து பாருங்கள்! இன்றும் கட்டையை லேத்தில் ஏற்றுமுன் தச்சர் மூலைகளைச் சீவி எட்டுப் பட்டையாக்குகிறார். மூலையோடு ஏற்றினால் உளி ஒவ்வொரு சுற்றிலும் நான்கு முறை இடிபடும்.

கல்லைச் சுழற்றியே கடைந்தவர்களும் நம் நாட்டில் இருந்தார்கள். 1117-இல் நிறுவப்பட்ட பேலூர் சென்னகேசவர் கோயில் போன்ற ஹொய்சளக் கோயில்களின் தூண்களில் மெல்லிய வட்டக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன. அவை கடைசலில் உருவானவை என்பது அறிஞர் கருத்து. அங்கே கிடைத்தது வெட்டியெடுக்கும்போது மென்மையாக இருக்கும் மாக்கல் வகை. மாமல்லபுரத்தில் இருப்பதோ இரும்பையே மழுக்கும் கருங்கல். பொருள்தான் கருவியைத் தேர்ந்தெடுக்கிறது.

மத்தும் கடைசலும்

தயிரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பதற்குப் பொருள் உண்டு. மத்தின் தண்டில் கயிற்றைச் சுற்றி, இரு முனைகளையும் மாற்றி மாற்றி இழுக்கிறோம். மத்து ஒருமுறை வலமாகவும் ஒருமுறை இடமாகவும் சுழல்கிறது. இந்த மத்தைப் படுக்க வைத்து, இரு பக்கமும் கூர்முனைகளால் தாங்கினால் அதுவே பழைய கடைசல் எந்திரம்.

எகிப்தில் கி.மு. 300-ஐ ஒட்டிய பெட்டோசிரிசு என்பவரின் கல்லறையில் இத்தகைய எந்திரம் செதுக்கப்பட்டிருக்கிறது: ஒருவர் கயிற்றை இழுக்கிறார், மற்றவர் உளியைப் பிடிக்கிறார். நம் நாட்டுக் கடைசல்காரர் தரையில் அமர்ந்தே வேலை செய்வார். தரையில் இரண்டு கட்டைகள், அவற்றில் எதிரெதிரே இரண்டு இரும்பு முனைகள், நடுவில் மரம். உதவியாளர் கயிற்றை இழுப்பார். இல்லையென்றால் கடைசல்காரரே ஒரு கையால் வில்லை இழுத்து, மறு கையாலும் கால்விரல்களாலும் உளியைப் பிடித்துக்கொள்வார்.

இந்த அமைப்பில் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, மரம் முன்னோக்கி வரும்போதுதான் உளி வெட்டும். பின்னோக்கிப் போகும்போது உளியை விலக்க வேண்டும். பாதி நேரம் வீண். இரண்டாவது, இரு முனைகளுக்கு நடுவில் பிடித்த மரத்தின் இரு தலைகளும் அடைபட்டிருக்கும். கட்டில் கால், தொட்டில் தண்டு, மத்து, உலக்கைப் பிடி போன்ற நீண்ட பொருள்களுக்கு இது போதும். கிண்ணத்தின் உட்புறத்தைக் குடைய வேண்டுமானால் நடுவில் ஒரு தண்டை விட்டுவைத்துக் கடைசியில் உடைத்தெடுக்க வேண்டும். அல்லது குழிவான மரக்கட்டையில் பொருளை இறுக்கமாகத் தட்டிச் செருகிக் கடைய வேண்டும்.

இந்த எளிய எந்திரத்தை எளிதாக எண்ணிவிட வேண்டாம். 17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் வாணிகம் செய்தார்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டையின் இடிபாடுகளை இன்றும் காணலாம். அந்த நூற்றாண்டில் இக்கரையின் பட்டறைகளில் ஐரோப்பியருக்காகக் கருங்காலி நாற்காலிகள் செய்யப்பட்டன. அவற்றின் கால்களும் முதுகுத் தண்டுகளும் முறுக்கிய கயிறு போல் இருக்கும். முறுக்கை வெறும் கடைசலால் கொண்டுவர முடியாது. முதலில் தண்டைச் சீராக உருட்டி, அதன்மேல் சுருள் கோடு வரைந்து, மெதுவாகத் திருப்பித் திருப்பி அந்தக் கோட்டின் வழியே உளியாலும் அரத்தாலும் பள்ளம் எடுக்க வேண்டும்.

இந்த நாற்காலிகள் சில கடல் கடந்து இங்கிலாந்து சேர்ந்தன. 18-ஆம் நூற்றாண்டில் ஹொரேஸ் வால்போல் என்ற எழுத்தாளர் அவற்றை விலைகொடுத்து வாங்கி, தம் நாட்டு டியூடர் மன்னர் காலத்துப் பழம்பொருள் என்றே நம்பி வீட்டில் வைத்திருந்தார்! நம் கடற்கரைக் கைத்திறனுக்கு வேறு சான்று வேண்டுமா?

ஒரே திசையில் சுழன்றபோது

லேத்தின் வரலாற்றில் பெரிய திருப்பம் அது ஒரே திசையில் இடைவிடாது சுழலத் தொடங்கியது. 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லியொனார்டோ டாவின்சி மிதிகட்டையும் கனத்த சக்கரமும் கொண்ட லேத் ஒன்றை வரைந்து வைத்தார். காலால் மிதித்தால் சக்கரம் சுழலும்; அதன் கனம் சுழற்சியைத் தொடரச் செய்யும். 1701-இல் பிரான்சில் சார்ல் ப்ளூமியே என்பவர் கடைசற்கலைக்கென்றே ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அதற்குள் சுழல் தண்டும் அதன் முனையில் பொருளைப் பற்றும் பல வகைப் பிடிகளும் நன்கு வளர்ந்திருந்தன.

இந்தப் பிடிகளுள் எளியது முகத்தட்டு. அது வட்டமான ஓர் இரும்புத் தட்டு. பின்புறம் நடுவில் மரை வெட்டிய துளை. அது சுழல் தண்டின் மரையில் திருகி ஏறும். தட்டில் பல துளைகள் இருக்கும். அவற்றின் வழியே திருகாணிகளைச் செலுத்தி மரக்கட்டையைத் தட்டோடு இணைக்கலாம். மறுமுனையில் தாங்கல் தேவையில்லை. மரத்தின் முகம் முழுவதும் உளிக்குத் திறந்திருக்கும். தட்டு, கிண்ணம், முக்காலிப் பலகை எல்லாம் இப்படிக் கடையலாம்.

திருகி ஏற்றிய தட்டு சுழலும்போது கழன்றுவிடாதா? நல்ல கேள்வி. லேத்தில் மரத்தின் மேற்பக்கம் வேலை செய்பவரை நோக்கி வருகிறது. தண்டு தட்டை முன்னே தள்ளுகிறது. உளியோ மரத்தைத் தடுக்கிறது. வலப்புரி மரையில் இந்த இழுபறி தட்டை மேலும் மேலும் இறுக்கும் திசையிலேயே இருக்கிறது. வெட்ட வெட்டப் பிடி இறுகும்! தண்டின் மறுகோடியில், அதாவது எந்திரத் தலையின் இடப்புறத்தில், தட்டைப் பொருத்தினால் இது தலைகீழாகும். ஆதலால் அந்தக் கோடியில் இடப்புரி மரை வெட்டியிருப்பார்கள்.

இப்போது மத்துக் கடைசலை நினைத்துப் பாருங்கள். முன்னும் பின்னும் சுழலும் தண்டில் மரைத் தட்டை ஏற்றினால், ஒரு இழுப்பில் இறுகும். அடுத்த இழுப்பில் தளரும். மரை முகத்தட்டும் ஒரே திசைச் சுழற்சியும் கைகோத்து வர வேண்டியிருந்ததன் காரணம் இதுவே.

ஆளுக்கொரு மரை

முகத்தட்டு ஒரு பிரச்சினையைத் தீர்த்து, மற்றொன்றைக் கொண்டுவந்தது. எந்திரம் செய்தவர் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய அளவில் மரை வெட்டினார்கள். ஒரு பட்டறையின் தட்டு அடுத்த பட்டறையின் தண்டில் ஏறாது. 1800-ஐ ஒட்டி லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி துல்லியமாக மரை வெட்டும் லேத்தை அமைத்தார். அவரிடம் வேலை பழகிய ஜோசப் விட்வொர்த் 1841-இல் எல்லோருக்கும் பொதுவான மரை அளவுகளை முன்வைத்தார். அதன்படி ஒரு அங்குலத் தண்டுக்கு அங்குலத்திற்கு 8 மரை. மரைப் பள்ளத்தின் கோணம் 55 பாகை. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் வேறொரு முறையைக் கொண்டுவந்தார். அதன் கோணம் 60 பாகை.

சென்னை மாகாணத்தில் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. ரயிலோடு இங்கிலாந்தின் எந்திரங்கள் வந்தன. எந்திரங்களோடு விட்வொர்த் மரையும் வந்தது. அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்று நம் பட்டறைகளில் வழங்கும் பேச்சு அப்படி வந்ததே. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய நேச நாடுகளின் திருகாணிகளே ஒன்றுக்கொன்று பொருந்தாமல் பெருந்தொல்லை கொடுத்தன. 1948-இல் அம்மூன்று நாடுகளும் 60 பாகைக் கோணத்தில் ஒரு பொது மரைக்கு உடன்பட்டன. நம் நாட்டில் இந்தியத் தர நிறுவனம் 1947-இல் தோன்றியது. 1956-இல் மெட்ரிக் அளவைகளுக்குச் சட்டம் இயற்றி, 1958 முதல் படிப்படியாக மாறினோம். மில்லிமீட்டர் மரையும் பட்டறைக்கு வந்தது. ஆனால் அங்குல எந்திரங்கள் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. ஒரே பட்டறையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

இன்றும் மரக் கடைசல் எந்திரங்களில் இந்தப் பிளவு தொடர்கிறது. அமெரிக்க வழக்கில் 1 அங்குலம், 8 மரை. சற்றுப் பெரியதில் 1¼ அங்குலம், 8 மரை. ஐரோப்பிய வழக்கில் 33 மி.மீ. விட்டம், 3.5 மி.மீ. புரியிடைவெளி. செங்கற்பட்டில் ஒருவர் புதிதாக லேத் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முன்பே வைத்திருந்த முகத்தட்டு 33 மி.மீ. மரையுடையது; புதிய எந்திரத்தின் தண்டோ 1¼ அங்குலம், அதாவது 31.75 மி.மீ. தட்டு தண்டில் ஓரிரு சுற்று ஏறி, ஆடிக்கொண்டு நின்றுவிடும். 1 அங்குலம் 8 மரை என்று பெயர் ஒன்றாக இருந்தாலும், ஒன்று 55 பாகையாகவும் மற்றொன்று 60 பாகையாகவும் இருந்தால் தொடுமிடம் குறைந்து பிடி நலிந்துவிடும். பெயரை நம்பலாகாது, அளந்தே நம்ப வேண்டும்.

இடையில் ஒரு தூதர்

இங்கேதான் இணைப்புத் துண்டு, பட்டறை வழக்கில் அடாப்டர், துணைக்கு வருகிறது. அது உள்ளே ஒரு மரையும் வெளியே வேறொரு மரையும் கொண்ட சிறு எஃகு உருளை. உட்புறம் தண்டில் ஏறும். வெளிப்புறத்தில் முகத்தட்டு ஏறும். இரண்டு மொழி தெரிந்த தூதர் என்று சொல்லலாம். புதுத் தட்டு வாங்கும் செலவை அது மிச்சப்படுத்துகிறது. ஆனால் தூதருக்கும் கூலி உண்டு. அதை அறிந்துகொள்வது அவசியம்.

முதலில், தட்டை நடுவில் நிறுத்துவது மரை அல்ல என்பதை நினைவில் கொள்ளுங்கள். மரை தட்டை இழுத்து மட்டுமே வைக்கிறது. தண்டின் அடியில் தட்டையாகச் சீவப்பட்ட ஒரு தோள் இருக்கும். தட்டின் பின்முகம் அந்தத் தோளில் முழுவதும் படிந்தால்தான் ஆட்டமின்றிச் சுழலும். தோளின் விட்டம் 40 மி.மீ. என்போம். அதன் ஓரத்தில் ஒரே ஒரு மரத்தூள் சிக்கி 0.1 மி.மீ. தூக்கிவிட்டால் என்ன ஆகும்? 300 மி.மீ. அகலப் பலகையின் விளிம்பில் அந்தக் கோணல் 0.75 மி.மீ. ஆக வளர்ந்துவிடும். தாள் கனத்துக் குப்பை விளிம்பில் கண்ணுக்குத் தெரியும் தள்ளாட்டமாகிறது! அடாப்டர் வந்தால் படியும் முகங்கள் ஒன்றுக்கு இரண்டாகின்றன. பிழை புகும் வாயிலும் இரண்டாகிறது. மேலும், தட்டு தாங்கியை விட்டு வெளியே தள்ளிப் போவதால் தண்டின்மேல் வளைவு விசையும் கூடுகிறது.

இரண்டாவது, வேகம். 300 மி.மீ. பலகை நிமிடத்திற்கு 1,000 சுற்று சுழன்றால் அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 56 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. மரம் ஒரு பக்கம் 100 கிராம் கனம் மிகுந்து, அந்த எடை அச்சிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருந்தால், அது தண்டை வெளியே இழுக்கும் விசை சுமார் 17 கிலோகிராம் எடைக்குச் சமம். ஒவ்வொரு சுற்றிலும் அந்த இழுப்பு திசை மாறிக்கொண்டே இருக்கும். பாதி ஏறிய மரையில் இந்தப் பளு விழுந்தால் கட்டை கழன்று மேலே பாய்வதில் வியப்பில்லை. முகத்தில் பட்டால் கண்ணும் பல்லும் போகும். இது வெறும் கணக்கு அன்று. தொழிலாளியின் உயிர்க் கவலை.

மாட்டும் முறை

தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிலும் மாணவர்களும் சிறு பட்டறை வைத்திருப்போரும் கீழ்க்கண்ட ஒழுங்கைக் கடைப்பிடித்தால் நன்று.

முதலில் தண்டின் மரையை அளவிடுங்கள். வெளிவிட்டத்தை வெர்னியரால் பாருங்கள். பிறகு பத்துப் புரிகளின் நீளத்தை அளவுகோலால் பாருங்கள். 31.75 மி.மீ. வந்தால் அங்குலத்திற்கு 8 மரை, 35 மி.மீ. வந்தால் 3.5 மி.மீ. புரி. கோணத்தை மரை அளவித் தகடு காட்டும்.

தண்டின் மரையையும் தோளையும் பழைய பல் துலக்கும் தூரிகையால் துடையுங்கள். தட்டின் துளையையும் துடையுங்கள். அடாப்டரைக் கையால் மட்டும் திருகுங்கள். அது தோளில் சென்று அமரும் ஓசையையும் உணர்வையும் விரல் அறியும். இடையில் இறுகினால் வலிந்து திருக வேண்டாம். அளவு தவறு, அல்லது மரையில் காயம். அமர்ந்தபின், அடாப்டரில் பக்கத் திருகாணி இருந்தால் அதை இறுக்குங்கள். அதன்மேல் தட்டைத் திருகி, கையால் மெதுவாகச் சுழற்றி, விளிம்புக்கு அருகே ஒரு பென்சில் முனையை நிறுத்திப் பாருங்கள். இடைவெளி சுற்று முழுதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கட்டையைத் தட்டில் பிணைக்கும் திருகாணிகள் போதிய நீளமுடையவையாக இருக்கட்டும். ஆனால் கிண்ணத்தின் அடி எங்கே வரும் என்பதை முன்பே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். உளி இரும்பில் மோதலாகாது. முதலில் மிகக் குறைந்த வேகம். நேர் எதிரே நிற்காமல் சற்று ஒதுங்கி நின்று எந்திரத்தை ஓட்டுங்கள். முகத்தடுப்பு அணியுங்கள். தட்டும் அடாப்டரும் மரைப் பிடியில் மட்டுமே இருக்கும்போது எந்திரத்தைப் பின்புறமாகச் சுழற்ற வேண்டாம். சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். தண்டு நிற்கும்; கனத்த கட்டை சுழன்றுகொண்டே மரையைவிட்டு இறங்கும். வெட்டும்போது இறுக்கிய அதே விதி நிறுத்தும்போது தளர்த்துகிறது.

சுழல் தண்டு உள்ளீடற்றதாக இருந்தால் அதில் சாய்வுத் துளை ஒன்று இருக்கும். 1860-களில் ஸ்டீபன் மோர்ஸ் வகுத்த இந்தச் சாய்வு ஏறத்தாழ இருபதுக்கு ஒன்று. கட்டையைப் பற்றும் பல்முனையை அதில் செருகினால் உராய்வே பிடித்துக்கொள்ளும். இங்கே மரைச் சண்டை இல்லை. ஆனால் இந்தப் பிடி இரு முனை நடுவே வைக்கும் நீண்ட வேலைக்கே உகந்தது. மறுமுனைத் தாங்கல் இல்லாத அகன்ற கட்டையை வெறும் உராய்வை நம்பி ஏற்றலாகாது.

மயிரிழையின் மதிப்பு

மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் இன்று அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக விளங்குகிறது. அங்கே கல், உலோகம், சுதை ஆகியவற்றோடு மரச்சிற்பமும் கற்பிக்கிறார்கள். பயிற்சி எதுவாயினும் மாணவர் முதலில் கற்பது நடுக்கோடு இடுவதையே. வல்லத்துத் தூணைச் செதுக்கியவரும் நடுக்கோட்டிலிருந்து அளந்தே மூலையை வெட்டினார். தரையில் அமர்ந்து கயிற்றால் மரம் கடைந்தவர் இரு முனைகளை ஒரே கோட்டில் நிறுத்தினார். விட்வொர்த் அந்தக் கோட்டை எல்லாப் பட்டறைக்கும் பொதுவாக்க முயன்றார். இன்னும் முழுதும் பொதுவாகாததால் அடாப்டர் பிழைத்திருக்கிறது.

அடுத்த முறை கட்டில் காலையோ, அடுப்படி மத்தையோ காணும்போது அதன் இரு தலைகளையும் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஊசி குத்தியது போல் சிறு குழி தெரியும். அந்தப் பொருளைக் கடைந்தபோது எந்திரத்தின் முனை பிடித்திருந்த இடம் அது. உங்கள் வீட்டுப் பம்பரம் நின்று சுற்றினால், அந்தக் குழியும் ஆணியும் ஒரே இடத்தில் இருக்கின்றன என்று அறிந்துகொள்ளலாம்.